முதல் ரேங்க் யாருக்கு?

பிள்ளைகளே, முதலில் ஒரு சின்னக் கணக்கு. ராமுவைவிட சோமு உயரம். சோமுவைவிட பாபு உயரம். அப்படியானால் ராமு, பாபு இருவரில் யார் உயரம்?

"பாபு!" என்று படிக்கும்போதே சொல்லியிருப்பீர்கள். சரியான விடை. இப்போது அதே மாதிரி இன்னொரு கணக்கு.

1973-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கென் நார்ட்டன் என்ற குத்துச்சண்டை வீரர் முகமது அலியைத் தோற்கடித்தார். 1974 மார்ச்சில் ஜார்ஜ் போர்மேன் என்பவர் அந்த நார்ட்டனை இரண்டே ரவுண்டில் சாய்த்துவிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் அந்த போர்மேனை அலி சாய்த்தார். மூவரில் யார் பெரியவர்?

என்ன, தலை சுற்றுகிறதா? கணக்கே வட்டமாகச் சுற்றுகிறதே! போதாக்குறைக்கு இன்னொரு வட்டமும் இருக்கிறது. ஜோ பிரேசியர் அலியை வென்றார். போர்மேன் பிரேசியரை வென்றார். அலி போர்மேனை வென்றார்.

உங்கள் வகுப்பில் ரேங்க் போடுவது சுலபம். ஐந்து பாட மார்க்கைக் கூட்டினால் போதும். ஓட்டப் பந்தயம் இன்னும் சுலபம், ஸ்டாப் வாட்ச் சொல்லிவிடும். குத்துச்சண்டையில் அளவுகோலும் கிடையாது, ஸ்டாப் வாட்சும் உதவாது. ஆனாலும் உலகம் முழுவதும் குத்துச்சண்டை ரசிகர்கள் இந்த ஒரு கேள்வியை விடுவதாக இல்லை. 1970-களின் ஹெவிவெயிட் வீரர்களில் முதல் ரேங்க் யாருக்கு? இரண்டாவது யாருக்கு? பல வருடம் ரேங்க் கார்டு எழுதிய கை என்னுடையது. நானும் ஒரு பட்டியல் போட்டுவிட்டேன். சொல்கிறேன், கேளுங்கள். பிறகு சண்டைக்கு வாருங்கள்!

ஒரு பீரியட் நேரம்

குத்துச்சண்டையில் எடையைப் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள். 50 கிலோ ஆளை 100 கிலோ ஆளோடு மோதவிட்டால் அது விளையாட்டாக இருக்காது. எல்லாவற்றிலும் அதிக எடைப் பிரிவுதான் ஹெவிவெயிட். இன்று தொழில்முறைப் போட்டிகளில் சுமார் 90 கிலோ 700 கிராமுக்கு மேல் இருப்பவர்கள் இந்தப் பிரிவில் வருவார்கள். 1970-களில் 79 கிலோவைத் தாண்டினாலே ஹெவிவெயிட்தான்.

ஒரு ரவுண்டு 3 நிமிடம். பிறகு 1 நிமிடம் ஓய்வு. விழுந்தவர் நடுவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் எழுந்துவிட வேண்டும். எழாவிட்டால் 'நாக் அவுட்'. இருவரும் கடைசி வரை நின்றால் ஒவ்வொரு ரவுண்டிலும் யார் நன்றாகச் செய்தார் என்று குறித்துவைத்து முடிவு சொல்வார்கள். இப்போது உலகப் பட்டப் போட்டிக்கு 12 ரவுண்டு. அப்போது 15 ரவுண்டு. அதாவது 45 நிமிடம். உங்கள் பள்ளியில் ஒரு முழு பீரியட்! அவ்வளவு நேரம் ஒரு மலை போன்ற ஆள் உங்கள் எதிரில் நின்று குத்திக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? நினைத்துப் பாருங்கள்.

கோணல் கையின் பலம்

நான் முதலில் சொல்ல விரும்புவது அலியை அல்ல. அலி கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஜோ பிரேசியரைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்தில் பியூஃபோர்ட் என்ற ஊர். அங்கே ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் 1944-ஆம் ஆண்டு பன்னிரண்டாவது குழந்தையாகப் பிறந்தவர் ஜோ. அப்பாவுக்கு இடது கை கிடையாது. அதனால் சின்ன வயதிலிருந்தே அப்பாவுக்கு இன்னொரு கையாக ஜோ கூடவே வேலை செய்தார். ஒருநாள் வீட்டில் இருந்த பெரிய பன்றி ஒன்றைச் சீண்டினார். அது துரத்தியது. ஓடும்போது விழுந்து இடது கையில் பலத்த அடி. மருத்துவரிடம் போகக் காசு இல்லை. கை தானாகவே ஆறியது, ஆனால் கோணலாக ஆறியது. அதன்பின் அந்தக் கையை முழுதாக நீட்டவே முடியவில்லை.

இதில் என்ன வேடிக்கை என்றால், குத்துச்சண்டையில் 'ஹூக்' என்று ஒரு குத்து உண்டு. முழங்கையை மடக்கி, பக்கவாட்டில் கொக்கி மாதிரி வளைத்து அடிப்பது. அந்தக் குத்துக்குக் கை மடங்கித்தான் இருக்க வேண்டும்! பிரேசியரின் இடது கை ஹூக், குத்துச்சண்டை வரலாற்றிலேயே மிகப் புகழ்பெற்ற குத்துகளில் ஒன்றாக ஆனது.

சிறுவனாக இருந்தபோது கோணிப்பையில் பழந்துணி, சோளக் கட்டை, நடுவில் செங்கல் எல்லாம் திணித்து, மரத்தில் தொங்கவிட்டுக் குத்திப் பழகினார். பெரியவனானதும் பிலடெல்பியா நகருக்கு வந்து இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்தார். அங்கே தொங்கும் மாட்டிறைச்சியைக் குத்திப் பயிற்சி எடுப்பாராம். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் முதல் வீரருக்குக் காயம் பட்டதால்தான் இவருக்கு வாய்ப்பே கிடைத்தது. இறுதிப் போட்டியில் கட்டைவிரல் உடைந்த கையோடு ஆடித் தங்கம் வென்றார்.

இந்தப் பிரேசியர் 1970 பிப்ரவரியில் ஜிம்மி எல்லிஸைத் தோற்கடித்து, போட்டியே இல்லாத உலக சாம்பியன் ஆனார். ஆனால் ஊர் அவரை முழு சாம்பியனாக ஒத்துக்கொள்ளவில்லை. "அலியை ஜெயித்தாயா?" என்று கேட்டது.

அலி அப்போது ஆட முடியாமல் இருந்தார். 1964-இல் சோனி லிஸ்டனை வென்று, 22 வயதில் உலக சாம்பியன் ஆனவர் அவர். 1967-இல் அமெரிக்க அரசு அவரை ராணுவத்துக்கு அழைத்தது. அப்போது வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. தன் மத நம்பிக்கையைச் சொல்லி, "வரமாட்டேன்" என்று அலி மறுத்துவிட்டார். பட்டம் பறிக்கப்பட்டது. ஐந்து ஆண்டு சிறை என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு செய்ததால் சிறைக்குப் போகவில்லை. ஆனால் மூன்றரை ஆண்டுகள் ரிங்கில் கால் வைக்க முடியவில்லை. ஓர் ஓட்டக்காரனை 25 வயதிலிருந்து 28 வயது வரை கட்டிப் போட்டால் எப்படி? அப்படித்தான்.

அந்த நாட்களில் பிரேசியர் அலிக்குப் பண உதவி செய்தார். அலிக்கு மறுபடியும் ஆட அனுமதி தர வேண்டும் என்று பரிந்து பேசினார். இதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

தோற்காத இருவர்

1971 மார்ச் 8. நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம். அலி 31 போட்டி ஆடி 31-லும் வென்றவர். பிரேசியர் 26-க்கு 26. இரண்டு தோற்காத சாம்பியன்கள் ஒரே ரிங்கில்! ஆளுக்கு 25 லட்சம் டாலர் சம்பளம். அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை. டிக்கெட்டுக்கு அடிபிடி. பாடகர் ஃபிராங்க் சினாட்ரா ஒரு பத்திரிகைக்குப் புகைப்படம் எடுப்பவராக ரிங் ஓரத்தில் நின்றிருந்தார் என்றால் பாருங்கள்.

அலி 6 அடி 3 அங்குலம். பிரேசியர் 6 அடிக்குக் கொஞ்சம் குறைவு. அலி தூரத்தில் நின்று நீளமான கைகளால் குத்துவார். பிரேசியரோ தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு, குனிந்து, குத்துகளுக்கு அடியில் புகுந்து நெருங்கி வருவார். அலி அடித்தார். பிரேசியர் வாங்கிக்கொண்டே வந்தார். வந்துகொண்டே இருந்தார். கடைசி ரவுண்டில், அதாவது 15-ஆவது ரவுண்டில், அந்தக் கோணல் கை ஹூக் அலியின் தாடையில் இறங்கியது. அலி மல்லாந்து விழுந்தார்! சில நொடிகளில் எழுந்தும்விட்டார், அது வேறு விஷயம். மூன்று பேர் தீர்ப்பும் பிரேசியருக்கே. அலியின் முதல் தோல்வி அது.

அதே ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அலியின் மீதான தண்டனையை ரத்து செய்தது.

ஆறு முறை விழுந்தவர்

சரி, அலியை வென்ற பிரேசியரை யாரால் வெல்ல முடியும்? 1973 ஜனவரி 22, ஜமைக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரில் பதில் கிடைத்தது.

ஜார்ஜ் போர்மேன் டெக்சாஸ் மாநிலத்துக்காரர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, தெருச் சண்டை போட்டுத் திரிந்தவர். அரசின் தொழிற்பயிற்சித் திட்டத்தில் சேர்ந்த பிறகுதான் குத்துச்சண்டை கற்றார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, கையில் சின்ன அமெரிக்கக் கொடியோடு ரிங்கைச் சுற்றி வந்தார். அவர் குத்து சம்மட்டி அடி மாதிரி. அன்று கிங்ஸ்டனில் பிரேசியரை இரண்டு ரவுண்டுக்குள் ஆறு முறை கீழே தள்ளினார். ஆறு முறை! ஒவ்வொரு முறையும் பிரேசியர் எழுந்து நின்றார். இனி வேண்டாம் என்று நடுவர்தான் நிறுத்தினார்.

ஏன் இப்படி ஆயிற்று? இங்கேதான் அந்த வட்டக் கணக்கின் ரகசியம் இருக்கிறது. பிரேசியர் குனிந்து நேராக உள்ளே புகுவார் என்று சொன்னேன் அல்லவா? போர்மேனின் பெரிய குத்து கீழிருந்து மேலே வருவது. குனிந்து வரும் தலைக்கு அது நேராகக் காத்திருக்கிறது! நீங்கள் கல், காகிதம், கத்தரிக்கோல் விளையாடுவீர்களே, அந்த மாதிரிதான். கல் கத்தரிக்கோலை உடைக்கும். காகிதம் கல்லை மூடும். கத்தரிக்கோல் காகிதத்தை வெட்டும். இதில் யார் பெரியவர் என்று கேட்டால் என்ன சொல்வது?

கென் நார்ட்டன் கதையும் அப்படியே. இவர் அமெரிக்க மரைன் படையில் பணியாற்றியவர். கைகளைக் குறுக்காக வைத்து மறைக்கும் விசித்திரமான பாணி இவருடையது. அலிக்கு அது கடைசி வரை பிடிபடவில்லை. 1973 மார்ச் 31-இல் சான் டியாகோவில் அலியின் தாடையை உடைத்து வென்றார் நார்ட்டன். மொத்தம் மூன்று முறை மோதினார்கள். மற்ற இரண்டில் அலிக்கு வெற்றி என்று அறிவித்தாலும், 1976-இல் நடந்த மூன்றாவதை "நார்ட்டன்தான் ஜெயித்தார்" என்று இன்றும் வாதாடுபவர்கள் உண்டு. ஆனால் பலமாகக் குத்தியபடி முன்னேறி வருபவர்களிடம் நார்ட்டன் நிற்கமாட்டார். போர்மேனிடம் இரண்டு ரவுண்டு. 1979-இல் எர்னி ஷேவர்ஸிடம் ஒரே ரவுண்டு.

கயிற்றில் சாய்ந்த தந்திரம்

1974 அக்டோபர் 30. ஆப்பிரிக்காவில் ஜைர் நாடு. இப்போது அதன் பெயர் காங்கோ ஜனநாயகக் குடியரசு. தலைநகர் கின்ஷாசாவில் போட்டி. நேரம் என்ன தெரியுமா? விடியற்காலை 4 மணி! அமெரிக்காவில் இரவில் பார்க்க வசதியாக அந்த நேரத்தை வைத்தார்கள். சுமார் 60,000 பேர் தூங்காமல் வந்து உட்கார்ந்திருந்தார்கள். "அலி, பொமாயே!" என்று கூட்டம் கத்தியது. லிங்காலா மொழியில் "அவனைத் தீர்த்துவிடு" என்பது போன்ற பொருள்.

போர்மேனுக்கு 25 வயது. 40 போட்டி ஆடி 40-லும் வெற்றி. அதில் 37 நாக் அவுட். அலிக்கு 32 வயது. பிரேசியரையும் நார்ட்டனையும் இரண்டிரண்டு ரவுண்டில் முடித்தவர் முன்னால், அந்த இருவரிடமும் தோற்றிருந்த அலி என்ன ஆவார்? அலி உயிரோடு திரும்பினால் போதும் என்று அவருடைய நண்பர்களே பயந்தார்கள்.

அலி என்ன செய்தார்? இரண்டாவது ரவுண்டிலிருந்து ரிங்கின் கயிற்றில் சாய்ந்துகொண்டார். கைகளால் முகத்தையும் விலாவையும் மூடிக்கொண்டார். "அடி" என்பது போல் நின்றார். போர்மேன் அடித்தார். அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். பெரும்பாலான அடிகள் அலியின் கைகளில் பட்டன. கயிறு தளர்வாக இருந்ததால் அலி பின்னால் வளைந்து முகத்துக்கு வரும் குத்தைத் தப்பவிட்டார். இடையிடையே போர்மேனின் காதில் கேலிப் பேச்சு வேறு! புழுக்கமான காற்று. அடிப்பவருக்குத்தான் களைப்பு, சாய்ந்து நிற்பவருக்கு அல்ல. துணி துவைப்பவர் களைப்பாரா, துணி களைக்குமா? எட்டாவது ரவுண்டில் போர்மேனின் கைகள் கனத்துவிட்டன. கயிற்றிலிருந்து விலகி வந்த அலி சடசடவென்று குத்தினார். போர்மேன் சுழன்று விழுந்தார். எழுவதற்குள் எண்ணி முடித்துவிட்டார்கள்.

பறித்த பட்டம் ஏழு ஆண்டுக்குப் பிறகு திரும்பி வந்தது. அலி அந்த உத்தியை யாருக்கும் முன்னால் சொல்லவில்லை. அவருடைய பயிற்சியாளரே "கயிற்றை விட்டு வா!" என்று கத்திக்கொண்டிருந்தாராம்.

மணிலாவில் ஒரு காலை

அலிக்கும் பிரேசியருக்கும் மூன்றாவது மோதல். இரண்டாவது மோதலில், 1974 ஜனவரியில், அலி வென்றிருந்தார். 1975 அக்டோபர் 1 அன்று பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவை ஒட்டிய கேசோன் நகரில் கடைசி மோதல். இதுவும் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காகக் காலை வேளையில் நடந்தது. அனல் பறக்கும் வெயில் காலநிலை.

போட்டிக்கு முன் அலி ஒரு காரியம் செய்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. டிக்கெட் விற்பதற்காக எதிராளியைக் கேலி செய்வது அவர் வழக்கம். பிரேசியரை "கொரில்லா" என்றார். ஒரு ரப்பர் கொரில்லா பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு பத்திரிகைக்காரர்கள் முன்னால் குத்திக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். பிரேசியரின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள். உதவி செய்த மனிதனுக்குக் கிடைத்த மரியாதை அது. பிரேசியர் இதைப் பல ஆண்டுகள் மறக்கவில்லை.

போட்டியின் ஆரம்ப ரவுண்டுகள் அலியுடையவை. நடு ரவுண்டுகளில் பிரேசியர் அலியின் விலாவைப் பதம் பார்த்தார். 12-ஆவது ரவுண்டுக்கு மேல் மறுபடியும் அலி. பிரேசியருக்கு முன்பே இடது கண்ணில் பார்வை சரியில்லை. இப்போது வலது கண்ணும் வீங்கி மூடிக்கொண்டது. எதிரில் வரும் குத்து தெரியவில்லை. 14 ரவுண்டு முடிந்தது. இன்னும் மூன்று நிமிடம்தான் பாக்கி.

பிரேசியரின் பயிற்சியாளர் எடி ஃபட்ச். ரிங்கிலே அடிபட்டு வீரர்கள் உயிரிழந்ததை நேரில் பார்த்தவர். (நார்ட்டன் அலியை வென்றபோது நார்ட்டனைத் தயார் செய்தவரும் இவரே!) "போதும்" என்றார் ஃபட்ச். "வேண்டாம், ஆடுகிறேன்" என்று பிரேசியர் கெஞ்சினார். ஃபட்ச் கேட்கவில்லை. போட்டியை நிறுத்திவிட்டார். எதிர் மூலையில் வென்ற அலி என்ன செய்தார்? எழுந்து குதித்து ஆட்டம் போடவில்லை. கொஞ்ச நேரத்தில் தரையில் சரிந்தார். சாவுக்கு மிக அருகில் போய் வந்தது போல் இருந்தது என்று பிறகு சொன்னார்.

என் பட்டியல்

முதல் ரேங்க் அலிக்கு. இதில் அதிகம் வாதம் தேவையில்லை. பிரேசியரோடு மூன்று முறை, நார்ட்டனோடு மூன்று முறை, போர்மேனோடு ஒரு முறை. போதாதென்று ஜெர்ரி குவாரி, ரான் லைல், எர்னி ஷேவர்ஸ் என்று அந்தக் காலத்தின் எல்லாப் பலசாலிகளோடும் மோதினார். வேறு யாரும் இத்தனை பேரைச் சந்திக்கவில்லை. 1976-இல் ஜிம்மி யங்கோடு நடந்த போட்டி மாதிரி ஒன்றிரண்டு தீர்ப்புகள் சந்தேகத்துக்கு உரியவைதான். அதற்காகக் கொஞ்சம் மார்க்கைக் குறைத்தாலும் அவர்தான் முதல்.

இரண்டாவது இடத்தில்தான் சண்டை வரும். பெரும்பாலானவர்கள் போர்மேன் பெயரைச் சொல்வார்கள். நியாயம் இருக்கிறது. அவர் 1976-இலும் பிரேசியரை ஐந்தாவது ரவுண்டில் தோற்கடித்தார். இரண்டுக்கு இரண்டு! ஆனாலும் நான் பிரேசியரைத்தான் இரண்டாவதாக வைக்கிறேன்.

ஏன் என்றால், நேருக்கு நேர் மோதியதை மட்டும் பார்த்தால் நாம் மறுபடியும் அந்த வட்டத்தில் மாட்டிக்கொள்வோம். பிரேசியரின் வாழ்நாள் தோல்விகள் நான்கே. அலியிடம் இரண்டு, போர்மேனிடம் இரண்டு. வேறு ஒருவரும் அவரை வென்றதில்லை. தோற்காத அலியை முதலில் வென்றவர் அவர். மூன்று போட்டிகளிலும் சேர்த்து அலியோடு 41 ரவுண்டுகள் ஆடினார். போர்மேன் ஆடியது 8 ரவுண்டு. கின்ஷாசா தோல்விக்குப் பிறகு போர்மேன் முறையான போட்டிக்குத் திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. 1977 மார்ச்சில் ஜிம்மி யங்கிடம் தோற்றதும், 28 வயதிலேயே விட்டுவிட்டு மதபோதகர் ஆகிவிட்டார். இந்தப் பத்தாண்டுக்கான ரேங்க் என்றால் போர்மேனுக்கு மூன்றுதான்.

அவர் கதை அதோடு முடியவில்லை என்பது உண்மை. பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்து, 1994-இல் 45 வயதில் மைக்கேல் மூரரை வீழ்த்தி மறுபடியும் உலக சாம்பியன் ஆனார். அடேங்கப்பா! ஆனால் அது வேறு காலம், வேறு விடைத்தாள். இன்னொரு சேதி: போர்மேன் தன் ஐந்து மகன்களுக்கும் ஜார்ஜ் என்றே பெயர் வைத்தார். அவர்கள் பள்ளியில் அட்டெண்டன்ஸ் எடுத்த டீச்சர் என்ன பாடுபட்டிருப்பாரோ!

நான்காவது நார்ட்டன். ஐந்தாவது லேரி ஹோம்ஸ். ஹோம்ஸ் 1978-இல் நார்ட்டனை மிகச் சிறிய வித்தியாசத்தில் வென்று பட்டம் பெற்றவர், பிறகு ஏழு ஆண்டுகள் சாம்பியனாகவே இருந்தார். அவருடைய பெரிய நாட்கள் 1980-களில்தான், அந்தப் பட்டியலில் அவருக்கு முதல் இடம் கேட்டாலும் தருவேன். ஷேவர்ஸும் லைலும் அதற்குப் பின்னால். சிறைச்சாலையில் குத்துச்சண்டை கற்றுக்கொண்ட லைல், 1976-இல் போர்மேனை இரண்டு முறை கீழே தள்ளிய பிறகுதான் தோற்றார். கனடாவின் ஜார்ஜ் சுவாலோவுக்கு ஓர் ஆறுதல் பரிசு தர வேண்டும். அலி, பிரேசியர், போர்மேன் மூவரோடும் ஆடித் தோற்றார். ஆனால் தன் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கீழே விழுந்ததே இல்லை.

ஜிம்மி எல்லிஸ் பெயரை ஆரம்பத்தில் சொன்னேனே, அவருக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1980-இல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஒரு கண்காட்சிப் போட்டி ஆடினார். எதிரில் ஆடியவர் எல்லிஸ்தான். அன்றைய முதல்வர் எம்.ஜி.ஆரையும் அலி சந்தித்தார். உங்கள் தாத்தாக்களில் யாராவது பார்த்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

ரேங்க் கார்டில் வராதது

இந்தப் பட்டியலுக்காக அவர்கள் கொடுத்த விலையையும் சொல்லாமல் விட முடியாது. தலையில் திரும்பத் திரும்பக் குத்து விழுந்தால் மண்டைக்குள் மூளை குலுங்கும். வெளியே காயம் தெரியாது. பல வருடம் கழித்து நினைவு மங்கும், பேச்சு குழறும். குவாரி 53 வயதில் இறந்தபோது அவருக்கு உடுத்தவும் உண்ணவும்கூடப் பிறர் உதவி தேவைப்பட்டது. அலி 1980 அக்டோபரில், 38 வயதில், ஹோம்ஸோடு மோதினார். ஹோம்ஸ் ஒருகாலத்தில் அலிக்குப் பயிற்சியில் குத்து வாங்கிப் பழகிய பையன். பத்து ரவுண்டுகள் அலி வாங்கிக்கொண்டே இருந்தார். வென்ற ஹோம்ஸ் அழுதுவிட்டார். 1984-இல் அலிக்கு பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையால் அவர் சுடர் ஏற்றியதை உலகமே பார்த்தது.

பிரேசியரிடம் பேசிய கேலிப் பேச்சுகளுக்காக 2001-இல் அலி பத்திரிகை மூலம் மன்னிப்புக் கேட்டார். பிரேசியரின் கோபம் ஒரு நேரம் தணியும், ஒரு நேரம் திரும்ப வரும்.

2011 நவம்பர் 7 அன்று பிரேசியர் கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். பிலடெல்பியாவில் ஒரு பெரிய தேவாலயத்தில் இறுதிச் சடங்கு. கறுப்புக் கண்ணாடி அணிந்து, பிறர் தாங்கிப் பிடிக்க, 69 வயது அலி வந்து உட்கார்ந்தார். ஜெஸ்ஸி ஜாக்சன் என்ற போதகர் பேசினார். பிறகு, ஜோவுக்காக எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கூட்டம் எழுந்தது. அலியும் நடுக்கத்தோடு எழுந்து நின்றார். கைதட்டினார்.